சும்மா தட்டு

டீக்கடையில் அவர் முதலில் வெந்நீர் கேட்பார். ஒரு வாய் குடிப்பார். அப்புறம்தான் டீ.

கடைக்காரர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டுவிட்டார்.

"டாக்டரம்மா, வெந்நீர்ல நாங்க ஒண்ணும் கலக்கறதில்லங்க."

"தண்ணி எப்படி இருக்குன்னு தெரிஞ்சாத்தானங்க டீ எப்படி இருக்குன்னு சொல்ல முடியும்."

"சரி, டீ எப்படி இருக்கு?"

"சுமார்தான்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து டாக்டரம்மா தலை தெரிந்தாலே வெந்நீர் கிளாஸ் வந்துவிடும். மூன்று வருஷம் அப்படி வந்தது.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. படித்து வாங்கிய பட்டம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வயலுக்கு நடுவே இருக்கிற ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். நான் அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிறவன். எட்டாவது வரை படித்தேன். கொஞ்சம் நிலம் இருக்கிறது. மனைவி இறந்த பிறகு வீட்டில் பகல் போகவில்லை. அதனால் இந்த வேலைக்கு வந்தேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவரிடம் கேட்கவில்லை.

அவருக்கு ஒரு குணம். எதையும் தனியாகப் பார்த்து நம்பமாட்டார். பக்கத்தில், அது இல்லாத ஒன்றை வைத்துத்தான் பார்ப்பார்.

ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல். ஆய்வுக்கூடத்திலேயே தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். நான் காய்ச்சல் பார்க்கிற குச்சியை வாங்கிவந்து கொடுத்தேன். அதை என்னிடமே நீட்டினார். உங்கள் கக்கத்தில் வையுங்கள் என்றார். எனக்கு ஒன்றுமில்லை என்றேன். அதனால்தான் என்றார். வைத்தேன். எனக்குக் காய்ச்சல் இல்லை என்று குச்சி சொன்னது. அதைக் கழுவித் துடைத்து அவர் வைத்தார். நூற்றிரண்டு. அப்போதுதான் மாத்திரை போட்டார். மத்தியானம் வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தேன். குடித்தார். அதை எதோடும் வைத்துப் பார்க்கவில்லை.

அவர் வேலை ஒரு சாயம். அவரே காய்ச்சி எடுத்தது. பார்த்தால் நிறமே இல்லாத தண்ணீர். அதை உயிரோடு இருக்கிற வேருக்குள் விடவேண்டும். வேருக்குள் துத்தநாகம் இருந்தால் சாயம் ஒளிவிடும். இல்லாவிட்டால் இருட்டு. துத்தநாகம் என்றால் நாம் நடவுக்கு மணலோடு கலந்து வீசுகிற சிங்க் சல்பேட்டில் இருக்கிறதே, அதுதான்.

எனக்குப் புரியவேண்டும் என்று ஒரு நாள் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார்.

"இந்தச் சாயத்துக்கு ஒரு கை இருக்குன்னு வச்சுக்கங்கண்ணே. கை காலியா இருக்கிற வரைக்கும் எரியாது. சிங்க் வந்து கையில உக்காந்தா விளக்கு மாதிரி எரியும்."

"வேற எது வந்து உக்காந்தாலும்?"

"எரியாது. அந்த மாதிரி செய்யத்தான் ரெண்டு வருஷம் ஆச்சு."

வேர் சாகக்கூடாது. செத்த வேரை அரைத்து எதில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடலாமாம். உயிரோடு இருக்கும்போதே, எந்த அறையில், எப்போது என்று பார்க்கவேண்டும். வேர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள். அதற்குள்தான் சாயம் போகவேண்டும்.

அவர் கடலோரத்துக்காரர். வேதாரண்யம் பக்கம். மீன் விற்கிற வீடு. அப்பா இல்லை. அம்மா மட்டும். அந்தப் பக்கத்தில் உப்புத் தண்ணீரில் நிற்கிற ஒரு சிவப்பு நெல் உண்டு. யாரும் அதற்கு உரம் போடுவதில்லை. ஆனாலும் இலை பழுக்காது. மண்ணில் இருக்கிற கொஞ்சத் துத்தநாகத்தை அந்த வேர் தானே இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது என்பது அவர் நினைப்பு. நினைப்புப் போதாது. காட்டவேண்டும்.

கல்லூரிக்குப் பின்னால் பச்சை வலைக் கொட்டகை. அங்கே கழுவின மணலில் இரண்டு நாற்றங்கால். ஒன்றில் கடலோர நெல். ஒன்றில் எங்கள் ஊரில் எல்லோரும் போடுகிற நெல். இரண்டுக்கும் துத்தநாகம் கிடையாது. நாற்றைப் பிடுங்கி, சாயத்தில் விட்டு, இருட்டறையில் கருவிக்கு அடியில் வைத்துப் பார்ப்பார். கடலோர நெல் எரியவேண்டும். எங்கள் ஊர் நெல் எரியக்கூடாது.

எங்கள் ஊர் நெல் வைத்த தட்டுக்கு அவர் இங்கிலீஷில் ஏதோ பெயர் எழுதி ஒட்டுவார். நான் அதைச் சும்மா தட்டு என்பேன். ஒன்றும் நடக்காமல் சும்மா இருக்கவேண்டிய தட்டு. அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார். காலையில் வந்ததும் முதல் கேள்வி, சும்மா தட்டு கழுவியாச்சா என்பதுதான். கழுவினது போதாது. அவரே இன்னொரு தடவை கழுவுவார்.

முதலில் இரண்டு நாற்றையும் நான்தான் பிடுங்கினேன். அவர் பிடுங்கினால் வேர் அறும். ஒரு மாதத்தில் அவருக்கும் கை வந்துவிட்டது. அப்புறம் சும்மா தட்டு நாற்றை என்னைத் தொடவிடவில்லை.

"அத நான் பாத்துக்கிறேண்ணே. அதுல தப்பு வந்தா எல்லாமே தப்பு."

கடலோர நாற்று என் பொறுப்பு. சும்மா நாற்று அவர் பொறுப்பு. அவர் பத்து நாற்று பிடுங்குவார். பிளாஸ்டிக் தட்டில் வைத்து, கையோடு இருக்கிற பாட்டில் தண்ணீரைப் பீய்ச்சி, நேராக இருட்டறைக்குக் கொண்டுபோய்விடுவார். நான் நாற்பது பிடுங்குவேன். தொட்டியில் தண்ணீர் விட்டு வேர் நனைய நிறுத்திவைப்பேன். அவர் கூப்பிடும்போது கொண்டுபோவேன்.

பிடுங்கின நாற்றைத் தண்ணீரில் வைக்கவேண்டும். இது எங்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. கை தானாகச் செய்யும்.

இருட்டறைக்கு ஜன்னல் இல்லை. கதவுக்கும் கறுப்புத் துணி. வெளியே சித்திரை வெயில் கொளுத்தும். உள்ளே நட்டநடுப் பகலில் கை தெரியாது. மணிக்கணக்கில் உள்ளேயே இருப்பார். தட்டு மாற்ற நானும் சில நாள் கூட இருப்பேன். பேச்சு இருக்காது. இரண்டு பேர் மூச்சு கேட்கும். கருவியின் சின்னக் காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்கும்.

அங்கேதான் ஒரு தடவை கேட்டேன். முகம் தெரியாததால் கேட்க முடிந்தது. இப்படித் தனியாகவே இருக்கிறீர்களே, கஷ்டமாக இல்லையா என்று.

 

"தனியா இருக்கேன்னு எல்லாரும் சொல்றாங்கண்ணே. நான் தனியா இல்லாம இருந்து பாத்ததில்ல. எதோட வச்சுப் பாத்துச் சொல்றது?"

 என்னிடம் வைத்துப் பார்க்க ஒன்று இருந்தது. அதைச் சொல்லவில்லை.

மூன்றாவது வருஷம் முடியப் போனது. அவர் வேலை மூன்று வருஷத்துக்குத்தான். பங்குனியோடு சரி. அதற்குள் வேர் எரிந்ததைக் காட்டினால் இன்னும் மூன்று வருஷம் கிடைக்கும், அப்படியே வேலையும் நிலைக்கும் என்று பெரிய சார் சொல்லியிருந்தார். பெரிய சார் என்றால் துறைக்குத் தலைவர். காட்டாவிட்டால் அம்மாவிடம் திரும்பிப் போகவேண்டியதுதான். அவர் அம்மா வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்வார். ஒரே கேள்வி. வேலை நிரந்தரமாகிவிட்டதா?

அதுவரைக்கும் வேர் எரியவில்லை. இரண்டு தட்டும் இருட்டு. சாயத்தை மாற்றினார். மணலை மாற்றினார். நாற்றின் வயதை மாற்றினார். இருட்டு.

கார்த்திகையில் என் தொட்டி வெடித்துவிட்டது. பிளாஸ்டிக் தொட்டி. புதுசு கேட்டு ஸ்டோரில் எழுதிக் கொடுத்தேன். வரவில்லை. வீட்டிலிருந்து என் வாளியைக் கொண்டுபோனேன். இரும்பு வாளி. வெள்ளைப் பூச்சுப் போட்டது. என் மனைவி இருந்தபோது வாங்கினது. நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். குழாய்த் தண்ணீர் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடித்து வைத்திருக்கிற தண்ணீரைத்தான் ஊற்றினேன். தண்ணீரில் எனக்குக் கவனம் இருந்தது. வாளியில் இல்லை.

அந்த வாரம் வேர் எரிந்தது.

கூப்பிட்டார். போனேன். கண்ணை வைத்துப் பாருங்கள் என்றார். முதலில் சும்மா தட்டைத்தான் காட்டினார். கறுப்பு. பிறகு கடலோர நெல்லைக் காட்டினார். கறுப்பில் ஒரு கோடு. கோட்டுக்குள் செங்கல் அடுக்கினது போலக் கட்டம் கட்டமாக அறைகள். அறைக்கு அறை பச்சை வெளிச்சம். நெல் பால் பிடிக்கிற நாளில் வயலுக்கு ஒரு பச்சை வரும். அதை இருட்டில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி.

"எரியுதா?" என்றார்.

"எரியுது மேடம்."

"எனக்கு மட்டும் தெரியுதோன்னு நெனச்சேன்."

அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். வெளியே வந்து வெயிலில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டார்.

இன்னும் மூன்று தடவை செய்து பார்த்தார். மூன்று தடவையும் எரிந்தது. மூன்று தடவையும் சும்மா தட்டு இருட்டு. பெரிய சார் வந்து பார்த்தார். எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். கண்டதை எழுதி மேலே அனுப்புகிற வேலை தொடங்கியது.

பொங்கலுக்கு வாளியை வீட்டுக்கு எடுத்துவந்தேன். அடியில் துரு தெரிந்தது. நீடாமங்கலத்தில் பாத்திரக் கடைக்காரரிடம் காட்டி, பற்றவைத்துத் தரமுடியுமா என்று கேட்டேன். திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"ஓட்ட இல்லண்ணே. உள்ள இருந்த சிங்க் பூச்சு கரஞ்சுபோச்சு. இனிமே துருதான்."

"என்ன பூச்சு?"

"சிங்க். துத்தநாகம். இந்த வாளி எல்லாத்துலயும் அதான்."

வாளியை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் வந்தேன்.

ஒன்பது நாள் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு வேலை போகும். எனக்கும் போகலாம். எனக்குப் போனால் நிலம் இருக்கிறது. அவருக்கு அது ஒன்றுதான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. புதுத் தொட்டி வந்துவிட்டது. வாளி என் வீட்டில் கிடக்கிறது. அது உண்மையிலேயே நெல் எரிந்ததாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் நாள் டீக்கடைக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் வெந்நீரை வைத்தார். அவர் அதைத் தொடவில்லை. பேசிக்கொண்டே நேராக டீயை எடுத்துக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார். கடைக்காரருக்குச் சந்தோஷம். அந்த வெந்நீர் கிளாஸ் ஆவி அடங்கி அப்படியே இருந்தது.

அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

மறுநாள் வாளியைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன்.

"மேடம், கடலோர நாத்து நாலு தடவையும் இதுலதான் நின்னுச்சு."

வாளிக்குள் பார்த்தார். விரலை விட்டுப் பக்கத்தைத் தடவினார். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது. அதை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி. ஒரு நாள் ஒரு மணி."

"சும்மா தட்டு நாத்து?"

"அது உங்க கையில இருந்துச்சு."

உட்கார்ந்தார். விரலைத் துடைக்கவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டினால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீங்க தப்பு பண்ணலண்ணே" என்றார். "இது பட்டதெல்லாம் அதுவும் பட்டிருக்கணும். அப்பத்தான் அது சும்மா தட்டு. நாந்தான் அதத் தனியா வச்சுக் காப்பாத்திட்டேன்."

அன்றைக்கே எங்கள் ஊர் நாற்றை அதே வாளியில் அரை மணி வைத்தார். எரிந்தது. அதே பச்சை. பிறகு இரண்டையும் புதுப் பிளாஸ்டிக் தொட்டியில் சேர்த்து வைத்து எடுத்தார். இரண்டும் இருட்டு. என்னையும் பார்க்கச் சொன்னார். கடலோர வேரில் மட்டும் லேசாக ஏதோ இருப்பது போல எனக்குத் தெரிந்தது. சொன்னேன்.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. நமக்குத் தெரியணும்னு ஆசை, அதான். இருக்கற மாதிரி இருந்தா இல்லன்னுதான் எழுதணும்."

அவர் போய்ப் பெரிய சார் அறையில் ஒரு மணி நேரம் இருந்தார். கதவு சாத்தியிருந்தது. முதலில் அனுப்புவோம், பிறகு சரிபார்ப்போம் என்று பெரிய சார் சொன்னதாகவும், இவர் முடியாது என்றதாகவும் ஸ்டோர்க்காரர் பின்னால் சொன்னார். வாளி யாருடையது என்றும் சார் கேட்டாராம். தன்னுடையது என்று இவர் சொல்லியிருக்கிறார்.

அதை நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பங்குனி வரைக்கும் தினமும் வந்தார். தினமும் இரண்டு தட்டு. தினமும் இருட்டு. இப்போது இரண்டு நாற்றையும் இரண்டு பேரும் சேர்ந்து பிடுங்கினோம். டீக்கடையில் பழையபடி வெந்நீர். ஒருநாள் அம்மா போன் செய்தபோது பக்கத்தில் இருந்தேன். "இல்லம்மா" என்று மட்டும் சொன்னார். மறுமுனையில் அந்த அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது. உடனே வைத்துவிட்டார்.

கடைசி நாள் ஒரு பையும் ஒரு அட்டைப்பெட்டியும்தான். டீக்கடையில் நின்றோம். வெந்நீர் ஒரு வாய். பிறகு டீ.

"எப்படி இருக்கு டாக்டரம்மா?" என்றார் கடைக்காரர்.

"இன்னைக்கு நல்லாருக்கு."

"தண்ணி?"

"அதே தண்ணிதான்."

திருவாரூர் பஸ் வந்தது. பெட்டியை நான் ஏற்றினேன். ஏறுவதற்கு முன்னால் கைப்பையிலிருந்து ஒரு காகித உறை எடுத்துக் கொடுத்தார். மிச்சம் இருந்த கடலோர விதை நெல். இரண்டு பிடி இருக்கும். கொட்டிவிடாதீர்கள் என்றார். சரி என்றேன். பஸ் போய்விட்டது.

அந்த இருட்டறைக்கு வேறு ஆள் வந்தார். கறுப்புத் துணியைக் கழற்றிவிட்டார்கள். இப்போது அங்கே கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். கூட்டப் போகும்போது கண் கூசுகிறது.

என் நிலத்தில் ஒரு மூலை உண்டு. மணல் ஏறின இடம். நட்ட மூன்றாம் வாரம், நாலாம் வாரம் அங்கே மட்டும் அடி இலையில் பழுப்புப் புள்ளி விழும். சிங்க் சல்பேட் வீசினால் சரியாகிவிடும். போன சம்பாவுக்கு வீசவில்லை. அந்த மூலையில் இரண்டு பாத்தி கட்டினேன். ஒன்றில் கடலோர நெல். பக்கத்தில், ஒரு வரப்பு தள்ளி, எங்கள் ஊர் நெல். ஒரே நாளில் விதைத்தேன். ஒரே நாளில் பிடுங்கினேன். இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தேன். ஒரே நாளில் நட்டேன்.

நாலாம் வாரம் போன் போட்டேன். அவர் ஊரோடு இல்லை. சென்னையில் கேன் தண்ணீர் பரிசோதிக்கிற இடத்தில் இருக்கிறார். சௌக்கியமா என்று நானும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

"நம்ம ஊரு நெல்லுல புள்ளி விழுந்துடுச்சு மேடம். உங்க ஊரு நெல்லுல கம்மி."

போனில் அவர் பக்கம் லாரி பின்வாங்குகிற சத்தம் கேட்டது. 

"சும்மா பாத்திய யாரு பாத்துக்கிட்டா?"

"நான்தான். ரெண்டையும்."

"தண்ணி?"

"ஒரே மடை."

"அதுக்குன்னு தனியா எதுவும் செய்யலயே?"

"இல்ல மேடம். இது பட்டதெல்லாம் அதுவும் பட்டுச்சு."

 இருட்டறையில் கேட்ட மூச்சு மாதிரியே கேட்டது.  

"ஒரு போகம் போதாதுண்ணே" என்றார்.

"தெரியும்."

"வெத எடுத்து வைங்க."

தை கடைசியில் அறுத்தேன். விதை எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு துணிப்பை. ஒரே பானையில்.